அறுகம்பேயின் அலையைத் தாங்கும் மணல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் கிழக்குக் கரையில் அலைச்சறுக்குக்குப் பெயர் பெற்ற அறுகம்பேயை ஆண்டின் பன்னிரண்டு மாதமும் உல்லாசப் பயணிகள் வந்து தங்கும் இடமாக மாற்ற வேண்டும் என்றும், அதற்கு வேண்டிய கட்டுமானங்களைக் கடற்கரையை ஒட்டியே எழுப்ப வேண்டும் என்றும் அண்மைக் காலமாக அரசியல் மேடைகளிலும் வர்த்தகர்களின் கூட்டங்களிலும் பேசப்பட்டு வருகிறது. எங்கள் பிரதேசம் முன்னேற வேண்டும் என்பதில் எனக்கும் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் பயணிகளை உலகின் மறுகோடியிலிருந்து இந்தச் சிறிய ஊருக்கு இழுத்து வருவது எங்கள் ஹோட்டல்கள் அல்ல, அலை. அந்த அலை எங்கே பிறக்கிறது, ஏன் சித்திரை வைகாசியில் எழுந்து ஐப்பசியில் அடங்குகிறது, எதன்மீது உடைகிறது என்ற கேள்விகளை இந்தப் பேச்சுகளில் எவரும் எழுப்பியதாகத் தெரியவில்லை. இந்தக் கரையில் பிறந்து, பொத்துவிலில் நீண்ட காலம் புவியியல் கற்பித்தவள் என்ற முறையில் அவற்றுக்கான விடையைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். விடை தெரியாமல் கரையில் ஒரு கல்லை வைத்தாலும் அது பிழையான இடத்தில் விழுந்துவிடக்கூடும் என்ற அச்சமே இக்கடிதத்தை எழுதத் தூண்டியது.

கோடையில் அறுகம்பேக்கு வரும் அலை வங்காள விரிகுடாவில் பிறந்ததல்ல. நமக்குக் கோடையாக இருக்கும் மாதங்கள் தென்னரைக் கோளத்துக்குக் குளிர்காலம். அப்போது இந்து சமுத்திரத்தின் தென்கோடியில், 40 பாகை தென் அகலக்கோட்டுக்கும் அப்பால், பெரும் புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் காற்று கடலில் எழுப்பும் குழப்பமான அலைகளுள் குறுகியவை வழியிலேயே ஓய்ந்துவிட, நெடியவை மட்டும் ஒழுங்கான வரிசைகளாகப் பிரிந்து வடக்கே வருகின்றன. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே 12 முதல் 16 செக்கன் வரை இடைவெளி கொண்ட இத்தகைய அலைத்தொடர் மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர் வேகத்தில், ஐயாயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை ஆறேழு நாள்களில் கடந்து இலங்கையின் தென்கிழக்கு மூலையை அடைகிறது. நாம் கரையில் நின்று பார்க்கும் அலையை எழுப்பிய புயல் அந்நேரம் அடங்கிப் போயிருக்கும்.

எங்கள் கரையோ கிழக்கு நோக்கியது. தெற்கிலிருந்து வரும் அலை இந்தக் கரையைத் தொட வேண்டுமானால் குடாவின் தெற்கு முனையைச் சுற்றி வளைந்தே ஆக வேண்டும். முனையை ஒட்டிய ஆழம் குறைந்த தரையில் அலையின் ஒரு நுனி உரசி வேகம் குறைய, ஆழத்தில் இருக்கும் மறுநுனி பழைய வேகத்திலேயே ஓடுவதால், முழு வரிசையும் குடாவை நோக்கித் திரும்புகிறது. அலையின் உயரத்தைவிட நீரின் ஆழம் சற்றே அதிகமாக இருக்கும் இடத்துக்கு வந்ததும் அது உடையத் தொடங்கும். முழு நீளத்துக்கும் ஒரே நேரத்தில் உடையாமல், முனையருகில் தொடங்கி வடக்கே குடாவுக்குள் சிறிது சிறிதாக உரிந்துகொண்டு செல்வதே அறுகம்பே அலையின் சிறப்பு. கரையை நோக்கிச் சறுக்கி வருபவருக்கு அது எப்போதும் வலப்பக்கமாகத் திறக்கும். நல்ல நாளில் சில நூறு மீற்றர் தூரம் அதன் மேல் செல்லலாம்.

ஆனி ஆடி மாதங்களில் சூரியன் எழும் நேரத்தில் அந்த முனையில் அலைச்சறுக்கின் முதன்மை இடமான மெயின் பொயின்ட் பாறைகளுக்கு அருகே நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். தூரத்தில் நீரின் நிறம் மட்டும் கோடுகோடாகக் கருத்துத் தெரியும். முதற்கோடு முனையைத் தொட்டதும் பச்சைக் கண்ணாடிச் சுவராக நிமிரும். தரையிலிருந்து வீசும் காற்று அதன் உச்சியிலிருந்து நீர்த்துளிகளைக் கடற்பக்கமாகவே பின்னோக்கி வாரி எறியும். வெண்ணுரையின் நுனி பாறைகளின் ஓரமாக அவசரமின்றி நடந்து வரும். அந்த நுரை வந்து அடங்கும் இடத்துக்குச் சற்று உள்ளே, ஏறத்தாழ அசைவே இல்லாத நீரில், எங்கள் மீனவர்கள் இயந்திரப் படகுகளைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டிருப்பார்கள். ஒரே முனைதான் வெளிப்புறத்தில் அலையை நிமிர்த்துகிறது, உட்புறத்தில் படகுக்கு அடைக்கலம் தருகிறது. இதை மறந்து அலைச்சறுக்குக்கென ஒரு திட்டமும் மீன்பிடிக்கென வேறொரு திட்டமும் தனித்தனியே தீட்டுவது இந்தக் கடற்கரையைப் பாராமல் தீட்டுவதாகும்.

அலை மட்டும் போதாது, காற்றும் ஒத்துழைக்க வேண்டும். வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது ஈரமற்ற வெப்பக்காற்றாகிறது. அதைத்தான் நாங்கள் கச்சான் என்கிறோம். வயலைக் காயவைத்து, கிணற்றை வற்றவைத்து, வீட்டு வாசலில் மண்ணை வாரி இறைக்கும் அந்தக் கச்சானே, கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அலையின் முகத்தை வழித்துச் சீராக்கி, அது சரிந்து விழுவதைச் சற்று நேரம் தாமதப்படுத்துகிறது. அதே காற்று அதே நாளில் ஹிக்கடுவையிலும் வெலிகமையிலும் கடலிலிருந்து கரைக்கு வீசி, அங்கே கடலைக் குழப்புகிறது. ஆகவே அந்தக் கரைக்குக் கார்த்திகை முதல் பங்குனி வரை பருவம். எங்கள் கரைக்குச் சித்திரை முதல் ஐப்பசி வரை. அலைச்சறுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே எங்கள் மீனவர்கள் இந்தக் கணக்கை அறிந்திருந்தார்கள். மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் கிழக்குக்கு வந்து வாடி எனும் தற்காலிகக் குடில் அமைத்துத் தொழில் செய்வதும், வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்று தொடங்கியதும் ஊர் திரும்புவதும் இந்நாட்டின் பழைய வழக்கம்.

இதே மாதங்களில்தான் கதிர்காமப் பாதயாத்திரிகர்கள் பொத்துவில், பாணமை வழியாக ஒகந்தை முருகனைத் தொழுது, குமணைக் காட்டுக்குள் இறங்குகிறார்கள். ஒரே வீதியில் ஒருபக்கம் காவியுடையும் மறுபக்கம் முச்சக்கரவண்டியின் கூரையில் கட்டிய சறுக்குப் பலகையும் செல்வதை ஆண்டுதோறும் காண்கிறோம். இருவரையும் அங்கே கொண்டுவந்து சேர்ப்பது மழையில்லாக் காலம் என்பதைத் தவிர அவர்களுக்குள் வேறு தொடர்பு இல்லை. ஆயினும் இந்தப் பருவத்தின் மேல் எத்தனை விதமான வாழ்வு கட்டப்பட்டிருக்கிறது என்பதை அந்தக் காட்சி எனக்கு எப்போதும் உணர்த்தும்.

இனி மாரிக்கு வருகிறேன், ஏனெனில் எல்லாத் திட்டங்களும் இங்குதான் பிழையாகிவிடுகின்றன. ஐப்பசியில் காற்று தடுமாறி, கார்த்திகையில் வாடை நிலைகொள்கிறது. தென்சமுத்திரத்து நெடிய அலை ஓய்ந்து, வங்காள விரிகுடாவின் குறுகிய, ஒழுங்கற்ற அலை நேரே கரையில் வந்து மோதுகிறது. எங்கள் பிரதேசத்தின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் பெய்துவிடுகிறது. கோடை முழுவதும் கடல் மணலால் அடைபட்டுக் கிடந்த களப்பின், அதாவது கரையோர நீரேரியின், முகத்துவாரம் வெள்ளத்தால் தானே உடைத்துக்கொள்ளும். அல்லது வயலும் வீடும் தாழ்ந்துபோகாதிருக்க ஊரவர் கூடி வெட்டிவிடுவார்கள். சியம்பலாண்டுவைப் பக்கத்து மேட்டுநிலங்களிலிருந்து ஹெட ஓயா சுமந்து வரும் மணல் அப்போதுதான் கடலைச் சேர்கிறது. ஹோட்டல்காரர்கள் கதவை மூடிவிட்டு, வருமானமற்ற மாதங்கள் என்று கணக்குப் புத்தகத்தில் கோடு கிழிக்கும் இந்தக் காலத்தில்தான் அடுத்த ஆண்டின் அலைக்கு வேண்டிய மணல் வந்து சேருகிறது என்பதை நாம் உணர வேண்டும்.

வெள்ளம் கொட்டிய மணலையும், வாடைக்கடல் கரையிலிருந்து அரித்து இழுத்த மணலையும் சித்திரைக்குப் பின் வரும் தென்திசை அலைகள் மெல்ல மெல்ல முனைகளைச் சுற்றி வடக்கே நகர்த்திப் பரப்புகின்றன. பருவத்தின் தொடக்கத்தில், வடக்கே உள்ள அலைச்சறுக்கு இடங்களான பொத்துவில் பொயின்டிலும் விஸ்கி பொயின்டிலும் அலை துண்டுதுண்டாக உடைவதும், ஆனி ஆடியில் அதே இடங்களில் நீண்டு செல்வதும் இதனால்தான்; மணல் தன் இடத்தில் படிவதற்கு அத்தனை காலம் தேவைப்படுகிறது. மெயின் பொயின்டில் அடியில் பாறை இருப்பதால் மாற்றம் குறைவு. ஆனால் அங்கும் உட்புறத்தில், புதிதாகப் பழகுவோர் செல்லும் பேபி பொயின்ட் பக்கமாக, தரையை மூடியிருப்பது மணலே. தெற்கே பீனட் ஃபார்மும் ஒகந்தையும் அந்தந்த முனைக்கும் அந்தந்த மணலுக்கும் ஏற்ப வெவ்வேறு விதமாக உடைகின்றன. மணல் குறைந்தால் பாறை பல்லைக் காட்டும், கற்றுக்கொள்ள வருபவர்களின் காலைக் கிழிக்கும். மணல் ஓரிடத்தில் மிகுந்தால், உரிந்து செல்ல வேண்டிய அலை முழு நீளத்துக்கும் ஒரேயடியாகச் சரிந்து விழும். அதில் எவரும் சறுக்க இயலாது. எங்கள் கடலில் வற்றுப்பெருக்கு வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால், வேறு நாடுகளில் வற்றுப்பெருக்கு செய்து தரும் மாற்றத்தை இங்கே எதிர்பார்க்கவும் முடியாது. அடித்தரை எப்படியோ அப்படித்தான் அலை.

இந்த நிலையில் கரையை ஒட்டிக் கருங்கல் அணை, படகுத்துறை, அலைதாங்கி என்று எதை எழுப்பினாலும் அது மணலின் வழியை மறிக்கும். இதற்குச் சான்று தேடி நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. பொத்துவிலிலிருந்து ஒரு மணித்தியாலப் பயணத் தூரத்தில், எங்கள் அம்பாறை மாவட்டத்திலேயே, ஒலுவில் துறைமுகம் இருக்கிறது. 2013ஆம் ஆண்டு பெரும் நம்பிக்கையுடன் திறக்கப்பட்ட அந்தத் துறைமுகத்தின் அலைதாங்கிகள் கரையோரமாக நகரும் மணலை இடைமறித்தன. துறைமுக வாயிலை மணல் மூடிப் படகுகள் உள்நுழைய முடியாது போக, மறுபக்கத்தில் ஒலுவிலும் நிந்தவூரும் தென்னந்தோப்பையும் கரையையும் கடலுக்குக் கொடுத்தன. ஒரே கட்டுமானம் ஓரிடத்தில் மணல் மிகுந்ததென்றும் இன்னோரிடத்தில் மணல் இல்லையென்றும் இருவேறு ஊரவரை ஒரே காலத்தில் வீதிக்கு இறங்கச் செய்ததை நாம் கண்ணால் கண்டோம். துறைமுகம் வேண்டாம் என்று அன்று எவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மணல் ஆண்டில் எந்த மாதத்தில் எந்தத் திசையில் எவ்வளவு நகர்கிறது என்பதற்கு உரிய இடம் கொடுக்கப்பட்டிருந்தால் அந்த ஊர்களின் கதை வேறாக இருந்திருக்கும்.

அலைச்சறுக்குக்குப் பெயர் பெற்ற இடங்களிலும் இது நடந்திருக்கிறது. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் உள்ள முண்டாக்காவின் அலை, ஆற்றின் முகத்துவாரத்தில் படிந்த மணல்திட்டின் மேல் உடைவது. 2003இல் அந்த ஆற்றுவாயில் ஆழப்படுத்தப்பட்டு மணல் இடம் மாற்றப்பட்ட பின், அந்தத் திட்டு குலைந்து அலையும் குலைந்தது. 2005இல் அங்கே நடைபெறவிருந்த உலகத் தரப் போட்டியையே இரத்துச் செய்ய வேண்டியதாயிற்று. ஆறு பின்னர் தன் மணலை மீண்டும் சேர்த்துக்கொண்டதால் அலை திரும்பியது என்பது அவ்வூரவரின் நற்பேறு. கல்லால் கட்டப்பட்ட அணையாக இருந்திருந்தால் அந்த நற்பேறும் வாய்த்திராது. பெரு நாடோ முற்கூட்டியே சிந்தித்து, அலைச்சறுக்குக்கு ஏற்ற அலை உடையும் இடங்களைப் பாதுகாப்பதற்கென்றே 2000ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. மிக நீண்ட அலைக்குப் பெயர் பெற்ற சிக்காமா உள்ளிட்ட இடங்கள் அந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட்டுள்ளன. மீன்பிடியை உயிர்நாடியாகக் கொண்ட நாடு அது. அலையைப் பாதுகாத்ததால் அங்கே மீனவர்களின் தொழில் நின்றுவிடவில்லை.

இங்கே சிலர் கேட்கலாம்: மாரியில் வருமானமின்றித் தவிக்கும் குடும்பங்களுக்கு என்ன வழி? நியாயமான கேள்வி. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் பாலமும் வீடும் உறவும் இழந்து, யுத்தத்தின் நெருக்கடிகளையும் கடந்து, அலைச்சறுக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்த ஊர் இது. எங்கள் இளைஞர்களில் பலர் மாரியில் வெலிகமைக்கும் மிதிகமைக்கும் சென்று பயிற்றுநர்களாக வேலை செய்கிறார்கள். 2018இல் எங்கள் பெண்கள் தமக்கென ஓர் அலைச்சறுக்குக் கழகத்தையே தொடங்கினார்கள். கடலோரத்தில் பிறந்தும் கடலுக்குள் இறங்காதிருந்த ஒரு தலைமுறைக்குப் பின் வந்த பிள்ளைகள் இவர்கள் என்பதை எண்ணும்போது நெஞ்சு நிறைகிறது. 2019இல், ஈஸ்டர் தாக்குதல் நடந்து சில மாதங்களே ஆன நிலையில், உலக அலைச்சறுக்குக் கழகத்தின் தகுதிச் சுற்றுப் போட்டி செப்டம்பரில் இங்கு நடைபெற்றது. இவை எல்லாமே அந்த அலையை நம்பி நிற்பவை. மாரியின் வருமானத்துக்காகக் கரையில் கல்லைக் கொட்டிக் கோடையின் வருமானத்தை இழப்பது அந்தக் குடும்பங்களுக்கு உதவியாகாது.

மாரியில் வருபவர்களுக்குக் காட்ட இங்கே வேறு செல்வம் இருக்கிறது. பொத்துவில் களப்பின் கண்டல் காடுகள், குமணையின் பறவைகள், வெள்ளம் வடிந்த பின் பச்சையாகக் கிடக்கும் வயல்வெளி ஆகியவற்றுக்குக் கடற்கரைக் கட்டுமானம் எதுவும் வேண்டியதில்லை. படகோட்டிகளுக்குப் பயிற்சியும், பாணமை வீதியில் நல்ல போக்குவரத்தும், தங்குமிடங்களுக்குக் குடிநீரும் இருந்தால் போதும். குடிநீர் எங்கள் பிரதேசத்தின் தீராத குறை. அதைத் தீர்க்க ஹெட ஓயாவில் நீரைத் தேக்கும் யோசனை எழும்போதெல்லாம் நான் மகிழ்வதுடன், அணைக்குப் பின்னால் தேங்கப்போகும் மணலையும் கணக்கில் எடுங்கள் என்று சொல்லவே விரும்புகிறேன். மாரிக் கடலில் குளிப்பது பற்றியும் ஒரு சொல்: உள்நாட்டிலிருந்து டிசம்பர் விடுமுறைக்கு வரும் குடும்பங்கள், கோடையில் குழந்தைகளும் நின்று விளையாடிய அதே குடாதானே என்று எண்ணி இறங்குகிறார்கள். திறந்த முகத்துவாரத்தின் அருகே கடலுக்குள் இழுத்துச் செல்லும் நீரோட்டம் அவர்களுக்குத் தெரியாது. உயிர்காப்பாளர்களின் கடமை அலைச்சறுக்குப் பருவத்தோடு முடிந்துவிடலாகாது. மூன்று மொழிகளிலும் எச்சரிக்கைப் பலகை முகத்துவாரத்தில் நிற்க வேண்டும்.

கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்துக்கு நான் முன்வைக்கும் வேண்டுகோள், மெயின் பொயின்ட் முதல் பொத்துவில் பொயின்ட் வரையிலும், தெற்கே ஒகந்தை வரையிலும் அலை உடையும் இடங்களை, அவற்றின் முனைகள், மணல்மேடுகள், களப்பு முகத்துவாரங்கள் ஆகியவற்றோடு சேர்த்து ஒரே தொகுதியாகக் கருதி, விசேட முகாமைத்துவப் பகுதியாகப் பிரகடனம் செய்ய வேண்டும் என்பதே. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தில் பின்னர் செய்யப்பட்ட திருத்தத்தில் அதற்கு இடம் உண்டு. புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. அந்தப் பகுதிக்கான திட்டத்தைக் கொழும்பில் வரைந்து அனுப்பாமல், மீனவர் கூட்டுறவுச் சங்கங்களையும், அலைச்சறுக்குப் பயிற்றுநர்களையும், முகத்துவாரம் வெட்டும் நாளை ஆண்டுதோறும் தீர்மானிக்கும் விவசாயிகளையும் பொத்துவில் பிரதேச செயலகத்தில் ஒரே மேசையில் அமர்த்தி வரைய வேண்டும். பாணமைச் சிங்கள மக்களும் உல்லை முஸ்லிம் மக்களும் கோமாரித் தமிழ் மக்களும் வெவ்வேறு கூட்டங்களில் வெவ்வேறாகக் கேட்கப்படும்வரை இந்தக் கரை துண்டுதுண்டாகவே பார்க்கப்படும், மணலோ எந்த எல்லையையும் அறியாது நகர்ந்துகொண்டிருக்கும்.

அதற்கு முதற்படியாகக் கடலடித் தரையின் ஆழத்தை அளந்து பதிய வேண்டும். முனைகளைச் சுற்றியுள்ள தரையும், களப்பு வாய்களுக்கு வெளியே உள்ள மணல்திட்டுகளும் பங்குனியில் ஒருமுறை, ஆடியில் ஒருமுறை, மாரி தொடங்குமுன் ஐப்பசியில் ஒருமுறை என்று சில ஆண்டுகளுக்குத் தொடர்ந்து அளக்கப்பட வேண்டும். கிழக்கிலங்கையின் பல்கலைக்கழகங்களில் புவியியல் பயிலும் மாணவர்களை இதில் ஈடுபடுத்தலாம். எங்கள் மீனவர்கள் படகு தருவார்கள் என்பதை அவர்களோடு பேசியே எழுதுகிறேன். அந்த அளவீடு கைக்கு வரும்வரை அறுகம்பே கரையில் கருங்கல் அணைக்கோ படகுத்துறைக்கோ அனுமதி வழங்கப்படலாகாது. முதல் அளவீட்டை இவ்வாண்டு வாடை தொடங்குமுன், ஹெட ஓயாவில் வெள்ளம் வருமுன் செய்து முடித்தால், அடுத்த பங்குனியில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வரைபடமாவது நம்மிடம் இருக்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
பொத்துவில்.